பாறைகள் வகுத்த எல்லை: அமேசான் டால்பின் எத்தனை சிற்றினம்?

அமேசான் ஆற்றின் இளஞ்சிவப்பு டால்பின் எத்தனை சிற்றினம் என்ற கேள்விக்கு இன்று மூன்று விடைகள் புழக்கத்தில் உள்ளன. சிற்றினம் ஒன்றுதான், அதற்குள் துணையினங்கள் இரண்டு என்கிறது கடல் பாலூட்டியியல் சங்கத்தின் வகைப்பாட்டுக் குழு. பொலிவியாவில் வாழ்வது தனிச் சிற்றினம், ஆகவே இரண்டு என்று 1970களிலிருந்து ஒரு தரப்பு சொல்லிவருகிறது. பிரேசிலின் மானாவுஸ் நகரத்து மரபியலாளர்கள் 2014இல் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார்கள். இரண்டரை மீட்டர் நீளமும் ஏறக்குறைய 200 கிலோ எடையும் எட்டக்கூடிய விலங்கு இது. படகோட்டிகளும் மீனவர்களும் தினமும் பார்ப்பது. அதை இருநூறு ஆண்டுகளாக எண்ணி முடிக்கவில்லை என்றால் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் சான்றுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், வழக்கு முழுவதும் இரண்டு ஆறுகளின் நடுவே கிடக்கும் பாறைத் தொடர்களில் வந்து நிற்கிறது. டால்பின் அவற்றைத் தாண்டியதா, தாண்டியது என்றால் எந்தத் திசையில்?

முதலில் பெயர் வந்த கதை. போர்ச்சுகல் அரசின் ஆணைப்படி அலெஷாந்த்ரே ரொட்ரிகஸ் ஃபெரைரா என்ற இயற்கையியலாளர் 1783 முதல் 1792 வரை அமேசான் பகுதியில் அலைந்து, கண்டதையெல்லாம் பாடம் செய்து லிஸ்பனுக்கு அனுப்பினார். 1808இல் நெப்போலியனின் படை லிஸ்பனைப் பிடித்து வைத்திருந்தபோது, பாரிஸ் அருங்காட்சியகத்தின் எத்தியேன் ஜொஃப்ருவா சாந்திலேர் அங்கே போய், வேண்டிய மாதிரிகளைப் பொறுக்கி எடுத்து வந்தார். அவற்றில் ஒரு டால்பினும் இருந்தது. ஃபெரைரா அனுப்பியவற்றில் ஒன்றாகத்தான் அது இருக்க வேண்டும். அதை வைத்து பிளான்வில் 1817இல் புதிய சிற்றினத்தை அறிவித்து, கொண்டுவந்தவரின் பெயரையே சூட்டினார். ஜெயோஃப்ரென்சிஸ் என்ற சிற்றினப் பெயர் அப்படி வந்தது. சேகரித்தவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. போர்க்கொள்ளையில் வந்த மாதிரிகளின் வழக்கமான தலைவிதிதான் என்றாலும், இதில் வகைப்பாட்டியலுக்கு ஒரு நிரந்தரச் சங்கடம் இருக்கிறது. பெயருக்கு ஆதாரமான முதல் மாதிரி எந்த ஆற்றில், எந்த வளைவில் பிடிபட்டது என்ற குறிப்பு அதனோடு வரவில்லை. ஒரு ஆற்று விலங்கின் பிரிவுகளைப் பற்றிப் பேசும்போது இது சிறிய குறை அல்ல.

அடுத்து வந்தவர் அல்சீட் தோர்பிஞி. 1826 முதல் தென் அமெரிக்காவில் ஏழெட்டு ஆண்டுகள் பயணம் செய்த இந்தப் பிரெஞ்சுக்காரர் பொலிவியாவின் உள்நாட்டு ஆறுகளில் டால்பினைக் கண்டு திகைத்தார். கடலிலிருந்து அவ்வளவு தொலைவில், கண்டத்தின் நடுவில் டால்பினா என்பதே அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. அங்கே வாழும் குவாராயோ மக்கள் அதை அழைத்த பெயரையே எடுத்து, 1834இல் இனியா என்ற பேரினத்தையும் இனியா பொலிவியென்சிஸ் என்ற சிற்றினத்தையும் நிறுவினார். பாரிஸில் இருந்த பழைய மாதிரியும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே என்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே பேரினப் பெயர் பொலிவியாவிலிருந்தும், சிற்றினப் பெயர் லிஸ்பன் வழியாகவும் வந்து இனியா ஜெயோஃப்ரென்சிஸ் ஆனது. பொலிவிய டால்பின் வேறா என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

விலங்கைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். நீண்ட மெல்லிய மூக்கு, அதன் மேல் குத்திட்டு நிற்கும் மயிர்கள், புடைத்த நெற்றி, சின்னக் கண்கள். முதுகில் துடுப்பு என்று சொல்ல எதுவுமில்லை. தாழ்வான ஒரு மேடு மட்டும் நீளவாக்கில் ஓடுகிறது. கடல் டால்பின்கள் பலவற்றில் கழுத்தெலும்புகள் ஒட்டிப்போயிருக்கும். இதற்கு அவை தனித்தனியாக இருப்பதால் தலையைப் பக்கவாட்டில் நன்றாகத் திருப்ப முடியும். மழைக்காலத்தில் காடு முழுகும்போது மரங்களுக்கு இடையே வளைந்து நெளிந்து போக இதுதான் உதவுகிறது. வாயைத் திறந்தால் இன்னொரு விசித்திரம். முன்பற்கள் கூம்பு வடிவில் மீனைப் பிடிக்க, பின்பற்கள் கடைவாய்ப் பல் போல அகன்று அரைக்க. டால்பின்களில் இப்படி இரு வகைப் பற்கள் அபூர்வம். கவசம் போட்ட கெளுத்திகளையும் கடித்து நொறுக்கும் வாய் இது. இதன் உணவில் குறைந்தது 43 வகை மீன்கள் இருப்பதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். குட்டி சாம்பல் நிறத்தில் பிறக்கிறது; வயது ஏற ஏறச் சிவக்கிறது. ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் கீறிக்கொள்வதால் தழும்பு ஏறி இன்னும் சிவப்பாகின்றன. ஆண், பெண்ணைவிட வெகுவாகப் பெரியது என்பதும் ஆற்று டால்பின்களில் இதற்கே உரிய வழக்கம். கங்கை டால்பினில் பெண்தான் பெரிது.

பற்களைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. வழக்கின் முதல் சாட்சி அவைதான். 1977இல் ஜார்ஜியோ பில்லெரி, மார்கரெத்தே கீர் இருவரும் மண்டை ஓடுகளை அளந்து, பொலிவிய டால்பினின் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு 31 முதல் 35 வரை பற்கள் இருப்பதையும், அமேசான் டால்பினுக்கு 30க்கும் குறைவாகவே இருப்பதையும், பொலிவிய விலங்கின் மூளைப்பேழை சிறியது என்பதையும் காட்டி, இரண்டும் தனித்தனிச் சிற்றினம் என்றார்கள். கூடவே ஒரினோக்கோ ஆற்றின் டால்பினுக்கு ஹம்போல்டின் பெயரில் ஒரு துணையினத்தையும் வைத்தார்கள். பார்த்த மண்டை ஓடுகள் போதாது, வேறுபாடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன என்று உடனே எதிர்ப்பும் வந்தது.

ஒரினோக்கோ துணையினத்தைச் சீக்கிரமே ஒதுக்கிவிடலாம். ஒரினோக்கோவையும் அமேசானின் கிளையான ரியோ நெக்ரோவையும் காசிக்கியாரே என்ற இயற்கைக் கால்வாய் இணைக்கிறது. 1800இல் ஹம்போல்ட் படகிலேயே அதன் வழியாகப் போய்வந்தார். படகு போகும் வழியில் டால்பின் போகாது என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. அந்தத் துணையினத்தை இன்று பெரும்பாலோர் கைவிட்டுவிட்டார்கள்.

இனிப் பரவல். பிரேசில், பொலிவியா, பெரு, ஈக்வடார், கொலம்பியா, வெனிசுவேலா ஆகிய ஆறு நாடுகளில், சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அமேசான், ஒரினோக்கோ வடிநிலங்களில் இது வாழ்கிறது. கழிமுகத்திலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் பெருவின் இக்கிட்டோஸ் நகரையும் கடந்து உக்கயாலி, மாரன்யோன் ஆறுகளில் ஏறுகிறது. எங்கே இல்லை என்பதுதான் அதைவிடச் சுவையானது. ஷிங்கு, தபஜோஸ் ஆறுகளின் மேற்பகுதிகளில் இல்லை. வெனிசுவேலாவின் கரோனியில், கவுராவின் பாரா அருவிக்கு மேலே இல்லை. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் ஆறு பழம்பாறைகளின் மேல் மோதி, நுரைத்து, படி படியாகச் சரிந்து இறங்குகிறது. இவற்றைப் பாறை இறக்கங்கள் என்று சொல்லிக்கொள்வோம். எல்லை வகுப்பதில் இவற்றோடு மலையடிவாரத்தின் குளிர்ந்த நீருக்கும், ஆழமற்ற சிற்றோடைகளுக்கும் பங்குண்டு.

எல்லைக்குள்ளும் அது சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. ஆறுகள் கூடும் இடங்கள், கரையோரம், ஏரி வாய்கள் ஆகியவற்றில் நெருக்கமாகவும் பேராற்றின் நடுவில் அரிதாகவும் காணப்படுகிறது. சொலிமோயிஸ், ஜப்புரா ஆறுகள் கூடும் மாமிராவா காப்பகத்தில் நீர்மட்டம் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஏறி இறங்கும். வெள்ளம் ஏறியதும் பெண்களும் குட்டிகளும் முழுகிய காட்டுக்குள்ளும் ஏரிகளுக்குள்ளும் போய்விடுகின்றன; பெரிய ஆண்கள் ஆற்றிலேயே தங்கிவிடுகின்றன. வேரா ட சில்வாவும் அந்தோனி மார்ட்டினும் 1994 முதல் அங்கே டால்பின்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுக் கண்டறிந்த செய்தி இது. 11,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தக் காப்பகத்தில் சுமார் 13,000 டால்பின்கள் இருக்கலாம் என்று 2004இல் அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆறுகளில் வேறெங்கும் டால்பின் இவ்வளவு அடர்த்தியாக இருப்பது அரிது.

இப்போது வழக்கின் முதல் பாறைத் தொடர். பொலிவியாவின் மமோரே, இத்தேனெஸ் ஆறுகள் வடக்கே ஓடி மதெய்ரா ஆறாகி அமேசானில் கலக்கின்றன. பொலிவிய எல்லைக்கும் பிரேசிலின் போர்த்தோ வெல்யோவுக்கும் இடையே ஏறத்தாழ 20 பாறை இறக்கங்கள். ரப்பர் ஏற்றிய படகுகள் அங்கே சிதறிப்போகவே, அவற்றைச் சுற்றிக்கொண்டு போக 1907 முதல் 1912 வரை 366 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் காய்ச்சலில் மாண்டார்கள். மனிதர்களே தோற்ற இடத்தில் டால்பினும் தோற்றிருக்கும், மேலே இருப்பவை மேலேயே தனித்து வளர்ந்திருக்கும் என்பது பொலிவியச் சிற்றினவாதிகளின் அடிப்படை. 2002இல் பங்கேரா இனெஸ்த்ரோசா குழுவினர் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது பொலிவிய வழி தெளிவாகப் பிரிந்து நின்றது. பிரிவு 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்பது பின்வந்த கணக்குகளில் ஒன்று.

ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. தந்தை எந்த ஊர் என்பதை அது சொல்லாது. 2014இல் வலெஸ்கா கிராவேனாவும் குழுவினரும் பாறை இறக்கங்களுக்கு மேலும் கீழும் மாதிரிகள் எடுத்துப் பார்த்தார்கள். பொலிவிய வழியின் தாய்வழி டி.என்.ஏ. அந்த இறக்கங்களில் ஒன்றான தெயோத்தோனியோ அருவிக்குக் கீழேயும், மதெய்ராவில் வெகுதூரம் வரை இருந்தது. உட்கரு டி.என்.ஏ.வில் இரு வழிகளும் கலந்ததற்கான அடையாளங்களும் கிடைத்தன. அதாவது பாறைகள் ஒருவழிக் கதவாக வேலை செய்திருக்கின்றன. வெள்ளக்காலத்தில் மேலிருந்து சில கீழே இறங்கிவிடும். கீழிருந்து மேலே ஏறுவது முடியாது, அல்லது முடிந்தாலும் அரிது. கீழே இறங்கியவை அங்கிருந்தவற்றோடு கூடிக் குட்டி ஈன்றிருக்கின்றன. சந்திக்கும் இடத்தில் தங்குதடையின்றிக் கலப்பவற்றைத் தனிச் சிற்றினம் என்பது கடினம். மேலே ஒரு தனித்த வழி உண்டு என்பதையும் மறுக்க முடியாது. இந்தச் சான்றுக்குத் துணையினம் என்ற தகுதியே பொருந்தும் என்பது என் கருத்து. வகைப்பாட்டுக் குழுவும் அப்படியே நிறுத்தியிருக்கிறது. பொலிவியா 2012இல் இதை நாட்டின் இயற்கை மரபுச் செல்வமாகச் சட்டம் போட்டு அறிவித்தது. அதற்குச் சிற்றினமா துணையினமா என்ற தீர்ப்பு தேவைப்படவில்லை.

இரண்டாவது வழக்கு அரகுவாயா. பிரேசிலின் நடுவே வடக்கு நோக்கி ஓடும் இந்த ஆறு தொக்கந்தின்ஸ் ஆற்றில் சேர்கிறது. தொக்கந்தின்ஸ் அமேசானின் கிளை என்று பள்ளிப் படங்கள் காட்டினாலும், அது மராஜோ தீவின் தெற்கே தனி வழியாகக் கடலில் விழுகிறது. அமேசானோடு அதை இணைப்பவை குறுகலான சில கால்வாய்களே. 2014 ஜனவரியில் தோமாஸ் ஹர்பெக் தலைமையிலான குழு அரகுவாயா டால்பினை இனியா அரகுவாயென்சிஸ் என்ற புதிய சிற்றினமாக அறிவித்தது. பிரிந்தது சுமார் 20.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்றது. 1918இல் சீனாவின் யாங்சி டால்பினுக்குப் பெயரிட்ட பிறகு புதிய ஆற்று டால்பின் அறிவிக்கப்படுவது அதுவே முதல் முறை. செய்தித்தாள்கள் கொண்டாடின.

வகைப்பாட்டாளர்கள் கொண்டாடவில்லை. உருவ ஒப்பீட்டுக்கு அரகுவாயாவிலிருந்து கிடைத்தவை இரண்டே மண்டை ஓடுகள். கீழ்த்தாடையின் பல் எண்ணிக்கை 24 முதல் 28. அமேசானுக்கு 25 முதல் 29. இந்த வித்தியாசத்தை வைத்துக் கையில் ஒரு தாடையைக் கொடுத்தால் எந்த ஆறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. மரபணுச் சான்று இதைவிட வலுவானது; ஆனால் அமேசானின் நடுப்பகுதிக்கும் அரகுவாயாவுக்கும் இடையே உள்ள நீண்ட பரப்பிலிருந்து, குறிப்பாகக் கழிமுகத்திலிருந்து, மாதிரிகள் போதாமல் இருந்தது. இரண்டு கோடிகளிலிருந்து மட்டும் ஆள் எடுத்து ஒப்பிட்டால், நடுவில் படிப்படியாக மாறிச் செல்லும் ஒன்றும் இரண்டு துண்டாகத்தான் தெரியும்.

இங்கேயும் ஒரு பாறைத் தொடர் உண்டு. தொக்கந்தின்ஸின் இத்தபோக்கா. அதைச் சுற்றியும் ஒரு காலத்தில் இருப்புப்பாதை போட்டார்கள் என்பது வேடிக்கையான ஒற்றுமை. அந்தப் பாறைகளுக்கு வெகு கீழே, ஆற்றங்கரையில் மொக்காஜுபா என்ற சிற்றூர். அதன் மீன்சந்தைப் படித்துறையில் டால்பின்கள் தினமும் வந்து நிற்கும். கடைக்காரர்கள் மீன் துண்டுகளை நீட்டுவார்கள். பிள்ளைகள் அவற்றோடு நீந்துவார்கள். மனிதருக்குப் பழகிய இந்தக் கூட்டத்தினூடே ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்த ஆய்வாளர்கள், 200க்கும் மேற்பட்ட ஒலி வகைகளைப் பிரித்தறிந்து 2019இல் வெளியிட்டார்கள். தனிமை விரும்பி, அதிகம் பேசாதது என்றிருந்த எண்ணம் மாறிற்று. வழக்குக்கு முக்கியமானது வேறு: அந்த ஆய்வு இவற்றை அரகுவாயா டால்பின் என்றே குறிக்கிறது. அப்படியானால் அந்த வழி பாறைகளுக்குக் கீழேயும் இருக்கிறது. மராஜோ விரிகுடாவில் அமேசான் டால்பினோடு அது சந்திக்கிறதா, சந்தித்தால் கலக்கிறதா என்பதில்தான் மூன்றாவது சிற்றினத்தின் ஆயுள் இருக்கிறது. புவியியலைப் பார்த்தால் பொலிவியாவைவிட அரகுவாயாவின் வாதம் பலமானது, ஏனென்றால் இது வேறு கடல்வாய் உள்ள ஆறு. சான்றைப் பார்த்தால் மெலிந்தது.

எவ்வளவு சான்று போதும் என்பதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. அமேசானில் இதோடு சேர்ந்து வாழும் துக்குஷி என்ற சிறிய சாம்பல் டால்பினையும் கடலோரக் கயானா டால்பினையும் ஒன்றாகவே எண்ணிவந்தார்கள். 2005க்கும் 2007க்கும் இடையில் மரபணுவும் மண்டை ஓட்டு அளவுகளும் ஒத்துப்போனதால் அவை இரண்டாகப் பிரிந்தன, தகராறு இல்லை. நம் பக்கத்துக் கங்கை டால்பினும் சிந்து டால்பினும் நெடுங்காலம் துணையினங்களாகக் கிடந்தன; அருங்காட்சியகங்களில் சிதறியிருந்த மண்டை ஓடுகளைத் தேடித் தேடி அளந்த பிறகு 2021இல் தனிச் சிற்றினங்களாயின. இனியாவுக்கு அப்படி ஒரு வேலை இன்னும் முழுமையாக நடக்கவில்லை.

கங்கையைக் குறிப்பிட்டதால் ஒரு கிளைக்கதை. நீண்ட மூக்கும் சின்னக் கண்ணும் கொண்ட ஆற்று டால்பின்களை எல்லாம் முன்பு ஒரே கூட்டமாக வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி வந்த மரபணு ஆய்வுகள் அதை உடைத்தன. கங்கை டால்பினின் வழி மிகப் பழையது, தனியானது. இனியாவின் நெருங்கிய உறவு, பிரேசில் முதல் அர்ஜென்டினா வரை கடலோரத்தில் வாழும் ஃபிரான்சிஸ்கானா. கலங்கிய ஆற்றுநீர் வெவ்வேறு வழிகளில் வந்தவற்றை ஒரே சாயலுக்கு வனைந்திருக்கிறது. பனாமாவில் கிடைத்து 2015இல் பெயரிடப்பட்ட இஸ்த்மினியா என்ற 60 லட்சம் ஆண்டுப் பழைய உறவினர் கடலில் வாழ்ந்தது. இன்று டால்பினே இல்லாத பரானா ஆற்றங்கரைப் படிவுகளிலும் இனியாவின் குடும்பத்தார் புதைந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருவின் நாப்போ ஆற்றில் கிடைத்த, 1.6 கோடி ஆண்டுப் பழைய பெபானிஸ்தா என்ற மூன்று மீட்டர் டால்பின். 2024இல் வெளியான ஆய்வின்படி அதன் நெருங்கிய உறவு பக்கத்தில் நீந்தும் இனியா அல்ல. தெற்காசியாவின் கங்கை, சிந்து டால்பின்கள். அமேசானில் முதலில் குடியேறிய வழி அற்றுப்போய், அந்த இடத்துக்குப் பின்னால் வந்தது இனியா.

இத்தனை வாதத்துக்கும் நடைமுறையில் என்ன மதிப்பு? பாதுகாப்புப் பட்டியல்கள் சிற்றினத்தைக் கொண்டே எழுதப்படுகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018 வரை இனியாவுக்கு 'போதிய தகவல் இல்லை' என்றே எழுதிவந்தது. அந்த ஆண்டுதான் 'அழியும் ஆபத்தில்' என்று மாற்றியது. மாமிராவாவில் 22 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து எண்ணிப் பார்த்ததில், பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கை பாதியாகும் வேகத்தில் குறைந்துகொண்டிருந்தது. பெருங்காரணம் பிராகத்திங்கா என்ற கெளுத்தி. அழுகிய இறைச்சிக்கு ஓடிவரும் மீன் அது. அதற்குத் தூண்டில் இரையாக டால்பினை வெட்டினார்கள். பிரேசில் 2015இல் அந்த மீன்பிடிப்புக்கே தடை விதித்தது. 2023 செப்டம்பர், அக்டோபரில் வறட்சியில் வற்றிய தெஃபே ஏரியின் நீர் 39 டிகிரியைத் தாண்டிக் கொதித்தபோது, 200க்கும் மேற்பட்ட இனியாவும் துக்குஷியும் செத்து மிதந்தன. எங்கும் பரவியிருக்கும் ஒரே சிற்றினம் என்றால் இந்த இழப்பு பெருந்தொகையில் கரைந்துவிடும். அரகுவாயாவில் மட்டும் இருக்கும் சில நூறோ சில ஆயிரமோ தனிச் சிற்றினம் என்றால் கணக்கே வேறு.

இதற்கிடையில் பாறைகள் போய்விட்டன. இத்தபோக்காவை 1984இல் துக்குருயி அணையின் நீர்த்தேக்கம் விழுங்கியது. தெயோத்தோனியோ அருவி 2012இல் இயங்கத் தொடங்கிய சாந்து அந்தோனியோ அணையின் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அதற்கு மேலே அடுத்த ஆண்டே ஜிராவு அணையும் வந்தது. வெள்ளத்தில் சிலவற்றையாவது கீழே விட்டுக்கொண்டிருந்த ஒருவழிக் கதவு அடைபட்டுவிட்டது. மேலிருப்பவை மேலே, கீழிருப்பவை கீழே. அரகுவாயாவிலும் பொலிவியாவிலும் உள்ளவை பழங்காலத்தில் தனித்திருந்தனவா என்பதில் கருத்து வேறுபடலாம். இன்று தனித்திருக்கின்றன என்பதில் வேறுபட இடமில்லை. எனவே மேலணைக் கூட்டங்களைச் சிற்றினத் தீர்ப்புக்குக் காத்திராமல் தனித்தனியாக எண்ணி, தனித்தனியாகவே ஆபத்துப் பட்டியலில் ஏற்ற வேண்டும். பட்டியல் விதிகள் துணையினத்துக்கும் தனிக்கூட்டத்துக்கும் அதற்கு இடம் தருகின்றன. தீர்ப்பு வேண்டுமென்றால் அதைத் தேட வேண்டிய இடங்களும் மேலே இல்லை: மதெய்ராவின் கீழ்ப்பகுதியும், மொக்காஜுபாவுக்கும் மராஜோவுக்கும் இடைப்பட்ட கால்வாய்களும்தான் அவை. அங்கே கரை ஒதுங்கும் ஒவ்வொரு சடலத்திலிருந்தும் மண்டை ஓட்டையும் ஒரு துண்டுத் தசையையும் எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.